மாங்கூழ் ஆலைகளோடு பேசியதை விவசாயியும் படிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சந்தூருக்கு அருகே எனக்கு இரண்டரை ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. அப்பா வைத்த மரங்கள், ஏறக்குறைய நூறு. பத்துப் பன்னிரண்டு நீலமும் செந்தூராவும் போக மற்றவை எல்லாம் பெங்களூரா. மாசி மாதத்தில் தோப்புக்குள் நின்றால் தேனீக்களின் இரைச்சல்தான் காதை நிறைக்கும். சில கிளைகளில் பூ உதிர்ந்து மிளகுப் பிஞ்சு பிடித்துவிட்டது. ஆண்டில் மனம் நிறைந்திருக்க வேண்டிய நாள்கள் இவை. ஆனால் கடந்த ஜூன் மாதம் நடந்த ஒன்று எட்டு மாதமாகியும் என் மனத்தை விட்டு இறங்கவில்லை. அடுத்த அறுவடை தொடங்குவதற்குள் அதை உங்கள் வாசகர்கள் முன் வைத்துவிட வேண்டும் என்றுதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்துக்கு அது தேவைப்படும். 1984-இல் தட்டச்சராக அரசுப் பணியில் சேர்ந்தேன். அப்போது இது தருமபுரி மாவட்டம். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது இந்தப் பக்கம் வந்தேன். கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளை எத்தனை நூறு தட்டச்சு செய்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ஒரு கூட்டம் நடந்தால் அலுவலகத்தில் அதன் தடம் எங்கெங்கே விழும் என்பது எனக்குத் தெரியும்.

கடந்த ஆண்டு பெங்களூரா விலை விழுந்ததை மாவட்டமே அறியும். சித்தூர், கோலார், கிருஷ்ணகிரி மூன்றுக்கும் காய் ஒன்றுதான். மாநில எல்லை காய்க்குத் தெரியாது. ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்று அறிவித்து, அதில் 8 ரூபாயை ஆலைகளும் 4 ரூபாயை அரசும் தர வேண்டும் என்றது. வெளிமாநிலத்துத் தோத்தாபுரி (பெங்களூராவின் இன்னொரு பெயர்) உள்ளே வரக் கூடாது என்று ஜூன் மாதம் சித்தூரில் தடை போட்டார்கள். கர்நாடக முதல்வர் அதை எதிர்த்துக் கடிதம் எழுதினார். சந்தைத் தலையீட்டுத் திட்டத்தில் கர்நாடகத்தின் இரண்டரை லட்சம் டன் வரைக்கும் விலைக் குறைவை ஈடுகட்ட மத்திய அரசு ஒப்புக்கொண்டது. நான் என் காயைக் கிலோ 5 ரூபாய்க்கு விற்றேன். பறிகூலி, டிராக்டர் வாடகை, மண்டிக் கழிவு எல்லாம் போகக் கையில் நின்றது 1 ரூபாய் 80 காசு. கடைசி ஒன்றரை டன்னைப் பறிக்கவே இல்லை. மரத்தடியில் விழுந்து அழுகியதை மாடுகள்கூட ஒரு கட்டத்துக்கு மேல் சீந்தவில்லை.

விலை பேசுவதற்காக ஜூன் 13 அன்று முத்தரப்புக் கூட்டம் கூட்டினார்கள். அதிகாரிகள், மாங்கூழ் ஆலைக்காரர்கள், விவசாயிகள் என மூன்று தரப்பும் ஓரிடத்தில் உட்காரும் கூட்டம். எங்கள் ஊரிலிருந்து நாங்கள் ஆறு பேர் போனோம். எந்த அலுவலகம், யார் தலைமை என்று இங்கே எழுத நான் விரும்பவில்லை. ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதால் அடுத்த ஜூன் மாறப்போவதில்லை.

ஆலைத் தரப்பில் பேச எழுந்தவர், முந்தைய ஆண்டுக் கூழே பீப்பாய் பீப்பாயாகக் கிடங்கில் தேங்கிக் கிடக்கிறது, ஏற்றுமதி ஆர்டர் குறைந்துவிட்டது, 5 ரூபாய்க்கு மேல் கட்டுப்படியாகாது என்றார். கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு கணக்கை வரிசையாக வாசித்தார். அவர் வாசிக்க வாசிக்க, மேசையில் அதிகாரியின் முன் விரிந்திருந்த கோப்பை நான் பார்த்தேன். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தாளைத் தலைகீழாக வைத்தாலும் படித்துவிடுவது எனக்கு முப்பதாண்டுப் பழக்கம். அவர் வாசித்த அதே கணக்கு, அதே வரிசையில் கோப்பிலும் இருந்தது. கடிதத்தின் மேல் மூலையில் தபால் பிரிவின் நீல முத்திரை. தேதி ஜூன் 5.

எட்டு நாள் முன்பே ஒரு தரப்பு தன் கணக்கைக் கொடுத்துவிட்டிருந்தது. எங்கள் தரப்புக்கு அன்று காலை 11 மணிக்குத்தான் அது தெரிகிறது. மூன்று தரப்பில் ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார், ஒருவர் படித்துவிட்டு வந்திருக்கிறார், நாங்கள் வெறுங்கையோடு வந்திருக்கிறோம். அந்த எட்டு நாள் எங்களுக்குக் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று கேட்கலாம். தருமபுரி அரசு சட்டக் கல்லூரியில் படிக்கிறாள் என் தம்பி மகள். வேளாண் ஏற்றுமதிக்கான மத்திய அரசு அமைப்பான அபெடா வெளியிடும் மாங்கூழ் ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தை எடுத்துத் தரச் சொல்லியிருப்பேன். ஆர்டர் உண்மையிலேயே எவ்வளவு குறைந்தது என்று பார்த்திருப்போம். கிடங்கில் தேங்கிய பீப்பாய்களை அதிகாரிகள் ஒருமுறை நேரில் போய் எண்ணிப் பார்க்கட்டும் என்று கேட்டிருப்போம். அவர்கள் சொன்னது முழு உண்மையாகவே இருந்திருக்கலாம். அப்படி இருந்திருந்தால் நாங்களும் கோபமில்லாமல் வீடு திரும்பியிருப்போம்.

அறுவடை ஓய்ந்ததும் ஆகஸ்டில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மனுப் போட்டேன். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை, ஒரே ஒரு தாள். 2025 ஏப்ரல் முதல் ஜூன் முடிய மாங்கூழ் ஆலைகளோடும் அவற்றின் சங்கத்தோடும் அதிகாரிகள் நடத்திய கூட்டங்களின் தேதி, வந்திருந்தவர்களின் வருகைப் பதிவு, நடவடிக்கைக் குறிப்பு, ஆலைத் தரப்பு கொடுத்த மனுக்களின் நகல் ஆகியவற்றைக் கேட்டிருந்தேன். முப்பதாவது நாள் பதில் வந்தது. கேட்ட விவரம் 'இவ்வலுவலகத்தில் தனியே பராமரிக்கப்படவில்லை' என்று முதல் வரி. அது மூன்றாம் தரப்பின் வணிக நம்பகத்தன்மை சார்ந்தது என்பதால் பிரிவு 8(1)(டி)-யின் கீழ் தர இயலாது என்று இரண்டாம் வரி. இல்லாத ஒன்றை இரகசியம் என்று எப்படி மறைக்க முடியும்? ஒரே கையெழுத்துக்கு மேல் இரண்டு வரியும் நின்றன.

முதல் மேல்முறையீடு செய்தேன். கூடவே இன்னொரு மனுவும் போட்டேன். அதைப் போட எனக்குத் தோன்றியதற்கு என் பழைய வேலைதான் காரணம். வெளியாட்கள் வந்து உட்கார்ந்து பேசும் கூட்டம் என்றால் தேநீர் வரும். தேநீர் வந்தால் கடைக்காரருக்குப் பணம் தர வேண்டும். பணம் தந்தால் சில்லறைச் செலவினப் பதிவேட்டில் ஏறும், ரசீது ஒட்டப்படும். ஆகவே அந்த மூன்று மாதத்துச் சில்லறைச் செலவின ரசீதுகளின் நகலை மட்டும் கேட்டேன். பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டச் சொன்னார்கள், கட்டினேன். ஜூன் 5 தேதியிட்ட ரசீது ஒன்றில் 14 தேநீர், 14 வடை. எதற்கு என்ற இடத்தில் பச்சை மையில் எழுதியிருந்தது: 'ஆலை உரிமையாளர்கள் கூட்டம்'.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் ஓர் ஆண்டு வருமானம் பேசப்பட்ட கூட்டத்துக்கு அரசிடம் மிஞ்சியிருக்கும் சான்று வடைக் கணக்கு. ரசீதைப் பாதுகாத்த எழுத்தரை நான் நன்றியோடு நினைக்கிறேன். அவர் தன் வேலையைச் செய்திருக்கிறார்.

மேல்முறையீட்டு ஆணை நவம்பர் கடைசியில் வந்தது. கூட்டம் நடந்ததை இம்முறை ஒப்புக்கொண்டார்கள். வருகைப் பதிவின் நகலையும் தந்தார்கள். பதினான்கு வரிகள், பதினான்கிலும் பெயர், நிறுவனம், கையெழுத்து மூன்றின் மேலும் கறுப்பு மை. தனிநபர் தகவல், பிரிவு 8(1)(ஜே) என்று காரணம். இந்தப் பிரிவு முன்பு இப்படி இல்லை. பொது நடவடிக்கையோடும் பொது நலனோடும் தொடர்பில்லாத, அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தனிப்பட்ட விவரத்தை மட்டுமே அதன்கீழ் மறுக்க முடிந்தது. நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் மறுக்க முடியாத விவரத்தைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரி அதில் இருந்தது. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த நிபந்தனைகளை நீக்கி, அந்தப் பிரிவைத் 'தனிநபர் தகவல்' என்ற அளவுக்குச் சுருக்கிவிட்டது. அந்தத் திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. என் ஆணை அதற்குச் சில நாள் கழித்து எழுதப்பட்டது. பொது நலன் பெரிதென்றால் விலக்குப் பிரிவுகளையும் தாண்டித் தகவல் தரலாம் என்னும் 8(2) இன்னும் அப்படியே இருக்கிறது. அதைப் பற்றி ஆணையில் ஒரு சொல்கூட இல்லை.

ஆலைச் சங்கத்தின் மனுவைத் தர முடியாது என்பதற்குப் பழைய காரணமே: வணிக இரகசியம். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்கவும் விரும்பவில்லை. 8(1)(டி) எதற்காக இருக்கிறது? ஒரு நிறுவனத்தின் உள்விவரம் வெளியே போனால் சந்தையில் அதன் போட்டியாளரிடம் அது அடிபட்டுவிடுமே, அதைத் தடுப்பதற்காக. அன்று அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் யார்? ஒருவருக்கொருவர் போட்டியாளர்களான ஆலைக்காரர்கள். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே வடையைத் தின்று, ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். போட்டியாளர் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு எந்தப் போட்டியாளரிடமிருந்து இரகசியம்? தெரியாதவர்கள் காயை விற்கும் நாங்கள் மட்டுமே. வாங்குகிறவர்கள் ஒன்றுகூடிப் பேசிய விலையை விற்கிறவரிடமிருந்து மறைக்க ஒரு சட்டப் பிரிவு பயன்பட்டிருக்கிறது.

மூன்றாம் தரப்பு மறுத்தால் தகவல் தரக் கூடாது என்றும் சட்டம் சொல்லவில்லை. பிரிவு 11-இன்படி அவர்களுக்கு ஐந்து நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். பத்து நாளில் அவர்கள் கருத்துச் சொல்லலாம். கருத்தைக் கேட்ட பிறகு முடிவு செய்ய வேண்டியவர் பொதுத் தகவல் அலுவலர். சட்டம் காக்கும் தொழில் இரகசியம் தவிர மற்றவற்றில் பொது நலனை எடைபோட்டுத் தகவல் தர அவருக்கு அதிகாரம் இருக்கிறது. எனக்கு வந்த கோப்பு நகலில் அப்படி அறிவிப்பு அனுப்பியதற்கான தடமே காணவில்லை. ரிசர்வ் வங்கியும் ஒரு காலத்தில் வங்கிகளின் ஆய்வறிக்கைகளை நம்பிக்கை உறவில் கிடைத்த தகவல் என்று சொல்லித் தர மறுத்தது. 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ரிசர்வ் வங்கிக்கு உள்ள கடமை பொதுமக்களிடம்தான், வங்கிகளுக்கு இலாபம் சேர்ப்பது அதன் வேலையாகாது என்று தீர்ப்பளித்தது. நாட்டின் வங்கிகளுக்கே அதுதான் நிலை என்றால், மாங்காய் விலை எம்மாத்திரம்?

நடவடிக்கைக் குறிப்புக்கு வந்த பதில் ஒரே சொல்: 'தயாரிக்கப்படவில்லை.'

இந்தச் சொல்லை நம்புகிறேன். நம்புவதற்கு எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. இதுவரை வெளியே சொன்னதில்லை. தொண்ணூறுகளில் ஓர் அலுவலகத்தில் கல் வெட்டும் தொழில்காரர்கள் சிலர் அதிகாரியைப் பார்க்க வந்தார்கள். நான் சுருக்கெழுத்துக் குறிப்பேட்டோடு உள்ளே போனேன். கல் கொண்டுசெல்லும் நடைச்சீட்டுக் கட்டணம் பற்றியும் ஒரு கிராமத்துப் பாதையைப் பற்றியும் முக்கால் மணி நேரம் பேசினார்கள். முடிந்ததும் தட்டச்சுப் பொறியில் தாளைச் செருகினேன். அதிகாரி என்னைக் கூப்பிட்டு, 'இதற்குக் குறிப்பு வேண்டாம், சும்மா மரியாதை நிமித்தம் வந்தார்கள்' என்றார். தாளை உருவி எடுத்து மடித்துக் குப்பைக் கூடையில் போட்டேன். சில மாதம் கழித்து அந்தப் பாதையில் நடந்துபோகும் உரிமையைக் கேட்டு ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்துக் கொடுத்து அலைந்ததை அதே மேசையிலிருந்து பார்த்தேன். அந்த முக்கால் மணி நேரத்துப் பேச்சு ஒரு பக்கத் தாளாக இருந்திருந்தால் அவர்களுடைய கையில் ஒரு பிடி இருந்திருக்கும். அன்று நான் எழுதியிருக்க வேண்டும். இளைய ஊழியன், பயந்தேன். அந்தப் பாரம் இந்தக் கடிதத்திலும் இருக்கிறது.

எழுதாமல் விட்டதற்குச் சட்டத்தில் மருந்து இல்லை. கைவசம் இருக்கும் தகவலைத்தான் தர வேண்டும், இல்லாததை உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றமே 2011-இல் ஒரு தேர்வு விடைத்தாள் வழக்கில் விளக்கிவிட்டது. அந்த விளக்கத்தில் நியாயம் இருக்கிறது. மனுதாரர் கேட்கிற வடிவில் எல்லாம் தகவலைத் தயாரித்துக்கொண்டிருந்தால் அலுவலகம் நடக்காது. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். எழுதி வைத்த அலுவலகம் எனக்குப் பதில் சொல்லியாக வேண்டும், எழுதாமல் விட்ட அலுவலகத்துக்கு எந்தத் தொல்லையும் இல்லை. ஆகையால் மனுப் போட்டுக் கேட்கும் உரிமை மட்டும் போதாது. இப்படிப்பட்ட சந்திப்புகளை எழுதியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் முதலில் வர வேண்டும்.

எங்களைப் போன்றவர்கள் பேசுவதை அரசு எவ்வளவு கவனமாக எழுதுகிறது தெரியுமா? கிராம சபையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள். தீர்மானம் பதிவேட்டில் ஏறும், வந்தவர் கையெழுத்துப் போடுவார், கைநாட்டு வைப்பார். இன்னும் ஒன்று சொல்கிறேன். பெரிய குவாரியோ ஆலையோ வருகிறது என்றால் 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். கூட்டம் கலையும் முன் அன்றைய பேச்சின் சுருக்கத்தை மக்கள் மொழியிலேயே உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். பிறகு அதிகாரிகள் கையெழுத்திட்டு, ஊராட்சி அலுவலகம் முதல் ஆட்சியர் அலுவலகம் வரை பார்வைக்கு வைக்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கிராமத்தில் ஒரு கல் குவாரிக்காக அப்படி ஒரு கூட்டம் நடந்தது. ஆடு மேய்க்கும் ஒரு பாட்டி எழுந்து, வெடிச் சத்தத்தில் சினை ஆடு கலைந்துவிடுகிறது என்றார். அந்த வாக்கியம் அவர் சொன்னபடியே குறிப்பில் ஏறி, வாசிக்கப்பட்டது. பாட்டியின் முகத்தில் அப்போது தெரிந்த நிறைவை நான் மறக்க மாட்டேன். அந்தப் பாட்டி சொன்னதை எழுதி ஊரறிய ஒட்ட முடியும் என்றால், குளிரூட்டிய அறையில் பதினான்கு பேர் சொன்னதை ஏன் எழுத முடியாது?

இது நம் ஊர் நோய் மட்டுமில்லை என்பதை என் தம்பி மகள் காட்டினாள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தடையற்ற வணிக ஒப்பந்தப் பேச்சு 2007-இல் தொடங்கியது. நம் மாவட்டத்து மாங்கூழ் கப்பலேறும் நாடுகள் அங்கேயும் உண்டு. அந்தப் பேச்சு குறித்து ஐரோப்பிய ஆணையம் பெருந்தொழில் அமைப்புகளோடு நடத்திய கூட்டங்களின் குறிப்புகளையும் கடிதங்களையும் பிரசல்ஸில் உள்ள 'கார்ப்பரேட் யூரோப் அப்சர்வேட்டரி' என்ற ஆய்வுக் குழு 2009-இல் கேட்டது. தொழில் அமைப்புகளுக்கு ஆணையம் முழுதாக அனுப்பிய அதே தாள்கள், இவர்களுக்குச் சில பகுதிகள் மறைக்கப்பட்டு வந்தன. ஒருவருக்குக் காட்டியதை இன்னொருவருக்கு இரகசியம் என்று சொல்லலாமா என்று 2011-இல் வழக்குத் தொடுத்தார்கள். 2013 ஜூனில் தோற்றார்கள். 2015 ஜூனில் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். ஆலோசனைக் குழு உறுப்பினர்கள் என்ற முறையில், குறிப்பிட்ட பயனுக்காக மட்டும் தந்ததைப் பொதுவில் வெளியிட்டதாகக் கருத முடியாது என்பது நீதிமன்றத்தின் பார்வை. 'பெரியப்பா, உங்கள் கதை மாதிரியே இருக்கிறது' என்றாள் அவள். தீர்ப்பு எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் கதை அது மட்டுமில்லை. மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோதே ஒரு மாற்றம் வந்தது. 2014 டிசம்பர் 1 முதல் ஐரோப்பிய ஆணையர்களும் அவர்களுடைய அலுவலகக் குழுவினரும் தலைமை இயக்குநர்களும் எந்தத் தொழில் அமைப்பைச் சந்தித்தார்கள், எந்தத் தேதியில், எதைப் பற்றி என்று இரண்டு வாரத்துக்குள் இணையத்தில் வெளியிட வேண்டும் என்று விதி செய்தார்கள். யாரும் மனுப் போட வேண்டியதில்லை. முழு நடவடிக்கைக் குறிப்பும் அதில் இருக்காது என்பது குறைதான். இருந்தாலும் சந்திப்பே நடக்கவில்லை என்று அங்கே ஓர் அதிகாரி சொல்லிவிட முடியாது.

நமக்கும் இது அந்நியமான சிந்தனை இல்லை. நாட்டிலேயே முதன்முதலாகத் தகவல் உரிமைக்குச் சட்டம் இயற்றியது தமிழ்நாடு, ஆண்டு 1997. 2005-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தில் பிரிவு 4 என்ன சொல்கிறது? மக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போதும் முடிவுகளை அறிவிக்கும்போதும் அதற்குரிய எல்லா விவரங்களையும் அரசு தானாகவே வெளியிட வேண்டும் என்று 4(1)(சி) சொல்கிறது. ஆலோசனைக் குழுக்களின் கூட்டக் குறிப்பை மக்கள் பார்க்கலாமா என்பதையும் அறிவிக்க வேண்டும் என்று 4(1)(பி) சொல்கிறது. வாசல் ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கிறது, திறப்பதற்கு ஓர் அரசாணை போதும்.

அதிகாரிகள் ஆலைக்காரர்களைச் சந்திக்கவே கூடாது என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் வாங்கவில்லை என்றால் பெங்களூராவை என்ன செய்வது? நீலத்தையும் பங்கனப்பள்ளியையும் கூடையில் வைத்துச் சாலையோரம் விற்கலாம். பெங்களூராவுக்கு ஆலைதான் கதி. அவர்களுக்கும் வங்கிக் கடன், மின்கட்டணம், கப்பல் வாடகை என்று ஆயிரம் கவலை. அவர்களுடைய குறையை அரசு கேட்கத்தான் வேண்டும். வெளியே தெரியும் என்றால் மனம் திறந்து பேச மாட்டார்கள் என்று ஒரு நண்பர், அவரும் ஓய்வுபெற்ற அலுவலர்தான், என்னிடம் வாதாடினார். குறைதீர் நாள் கூட்டத்தில் ஒலிபெருக்கி முன் நின்று, பத்திரிகையாளர்கள் எழுதிக்கொண்டிருக்க, வீட்டு நகையை அடகு வைத்து மருந்தடித்த கதையை விவசாயி சொல்கிறான். மனம் திறப்பதற்கு அவனுக்கு எந்தத் திரையும் தரப்படுவதில்லை. ஒரு தொழிற்சாலை கூழ் காய்ச்சும் முறையையோ தனி வாடிக்கையாளரின் பெயரையோ மறைக்கட்டும், அது நியாயம். இத்தனை ரூபாய்க்கு மேல் காய் வாங்க மாட்டோம் என்று அரசிடம் சொன்னதை மறைக்க என்ன நியாயம் இருக்கிறது?

நான் கேட்பது ஒரு பக்கத் தாள். எந்தத் தேதியில் சந்திப்பு, யார் யார் வந்தார்கள், யாருக்காக வந்தார்கள், என்ன கேட்டார்கள், எந்தத் தாளைக் கொடுத்தார்கள், அதிகாரி என்ன பதில் சொன்னார். ஏழு நாளுக்குள் அறிவிப்புப் பலகையிலும் மாவட்ட இணையதளத்திலும் இது தமிழில் வர வேண்டும். தட்டச்சு செய்ய இருபது நிமிடம் ஆகும். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். மாங்காய்க்கு மட்டும் இதைக் கேட்கவில்லை. ஓசூர்ப் பக்கம் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுப்பது, தருமபுரியிலும் இங்கும் கல் குவாரி ஏலம், பால் விலை என எங்கெல்லாம் ஒரு தரப்பு தனியே வந்து பேசுகிறதோ அங்கெல்லாம் வேண்டும்.

கோப்பை மூடும் முறையையும் மாற்ற வேண்டும். வெளியில் உள்ளவர்களுக்கு இது தெரியாது என்பதால் சற்று விளக்குகிறேன். நடவடிக்கை முடிந்த கோப்புக்கு அலுவலகத்தில் ஒரு முடிவு எழுதுவோம். நி.மு. என்றால் நிரந்தரமாக வைக்க வேண்டும். ப.மு. என்றால் பத்தாண்டு, மூ.மு. என்றால் மூன்றாண்டு, ஓ.மு. என்றால் ஓராண்டு. சங்கங்கள் கொடுக்கும் மனு, சந்திப்புக் கடிதம் போன்றவை பெரும்பாலும் ஓ.மு.-வில் போய்விடும். ஓராண்டு கழிந்தால் கட்டுக் கட்டாகக் கழித்துவிடுவார்கள். நான் தேடும் ஜூன் 5 கடிதம் அந்தக் கட்டில் இருந்தால், எனக்கு அதன் ஆயுள் இன்னும் நான்கே மாதம். தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீட்டைத் தை மாதம் அனுப்பிவிட்டேன். விசாரணை முடியும்வரை அந்தக் கோப்பைக் கழிக்கக் கூடாது என்று அலுவலகத்துக்கும் விரைவஞ்சலில் தனியே எழுதியிருக்கிறேன். போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகை வந்துவிட்டது. தொழில் அமைப்புகளோடு நடக்கும் சந்திப்புகளின் கோப்புகளைக் குறைந்தது பத்தாண்டாவது வைக்க வேண்டும். ஓர் ஒப்பந்தமோ விலை முடிவோ தவறு என்று தெரியவரவே ஐந்தாறு ஆண்டு ஆகிவிடுகிறதே.

ஆசிரியர் அவர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். முத்தரப்புக் கூட்டச் செய்தியை ஆண்டுதோறும் படத்தோடு வெளியிடுகிறீர்கள். விவசாயிகள் ஆவேசம், கோரிக்கை, வெளிநடப்பு எல்லாம் அதில் வருகிறது. இந்த ஆண்டு உங்கள் செய்தியாளரை ஒரே ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்கச் சொல்லுங்கள்: இந்தக் கூட்டத்துக்கு முன் ஆலைத் தரப்பைத் தனியே சந்தித்தீர்களா, அந்தச் சந்திப்பின் குறிப்பு எங்கே? பதில் எதுவானாலும் அதை அச்சிடுங்கள். விவசாயி கேட்டால் மனு, பத்திரிகை கேட்டால் செய்தி.

பிஞ்சு எலுமிச்சை அளவுக்கு வர இன்னும் சில வாரம் ஆகும். இலைப்பேனுக்கு ஒருமுறை மருந்தடித்தாயிற்று. மே மாதக் கடைசியில் பறிப்புத் தொடங்கும். விலைப் பேச்சு அதற்கு முன்னால் நடந்தாக வேண்டும். சித்திரை பிறந்ததும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் குறைதீர் நாளுக்கு வருகிறவர்களோடு நானும் அலுவலக வாசலுக்கு வந்து, அறிவிப்புப் பலகையில் அந்த ஒரு பக்கத் தாள் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்கப்போகிறேன்.

இப்படிக்கு,
மா விவசாயி, ஓய்வுபெற்ற அரசு அலுவலர்,
சந்தூர் அருகில், போச்சம்பள்ளி வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

(பெயரையும் முகவரியையும் தங்கள் பார்வைக்காகத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். தேநீர் ரசீதின் நகலும் உடன் உள்ளது.)